அக்காவின் பாய்க்குள் ஐந்து மணி நேரம்

சவாயித் தீவு,
வெள்ளிக்கிழமை பிற்பகல்.

கர்த்தருக்குள் மிகுந்த மரியாதைக்குரிய மூத்த சகோதரி அகெனேசே அவர்களுக்கு, உங்கள் கடைசித் தம்பியும், நம் ஊர்ச் சபையில் இருபத்திரண்டு வருடங்களாகத் திருவிருந்துப் பாத்திரத்தைக் கையில் ஏந்தி வரும் உதவிக்காரனுமாகிய பெனியமினா தாழ்மையுடன் எழுதுவது. தேவகிருபையால் இங்கே நானும் ரூத்தாவும் நலம். கோழிகளும் நலம். ஆக்லாந்துக் குளிரில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருக்க, காலையும் மாலையும் உங்கள் பெயர்களைச் சொல்லி ஜெபிக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் கொலை செய்யவில்லை. நேற்று நீங்கள் போதகர் வீட்டுத் தொலைபேசியில் அழுதுகொண்டே, "என் தம்பி யாரைக் கொன்னான்? குத்தினானா, வெட்டினானா?" என்று கேட்டதாகப் போதகரம்மா சொன்னார்கள். அதோடு அங்கே நம் சொந்தக்காரர்களிடம் இறந்தவன் குடும்பத்துக்குக் கொடுப்பதற்காகப் பன்னிரண்டு பாய்கள் சேர்த்துவிட்டீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். தயவுசெய்து எல்லாவற்றையும் அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் பயந்ததில் தவறில்லை. நம் ஊரில் ஒரு மனிதன் விடியற்காலையில் இன்னொருவன் வீட்டு முற்றத்தில் தலையோடு பாயைப் போர்த்திக்கொண்டு மன்னிப்புக்காக உட்கார்ந்தால், அவன் கொலை செய்திருப்பான், இல்லையென்றால் வண்டியை யார்மீதாவது ஏற்றியிருப்பான் என்றுதான் எவனும் நினைப்பான். நான் புதன்கிழமை மரேக்கோ வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தது உண்மை. ஆனால் காரணம் வேறு. தொலைபேசியில் என்னை ஒரு வாக்கியம் முழுதாகப் பேச விடமாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

மரேக்கோவும் நானும் முப்பது வருடம் ஒரே படகில் மீன் பிடித்தவர்கள் என்பதும், இரண்டு வருடமாகப் பேசுவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஏன் பேசுவதில்லை என்பதை மட்டும் நான் உங்களுக்குச் சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது. ஒரு ஞாயிறு ஆராதனையில் நான் ஜெபம் செய்துகொண்டிருந்தேன். நோயாளிகள், விதவைகள், அரசாங்கம், கடலில் இருப்பவர்கள் எல்லாரையும் முடித்து, தேசங்களுக்கு வந்து, மூன்றாவது தேசத்தைத் தொடும்போது மரேக்கோ பின்வரிசையிலிருந்து தன் பெரிய குரலில் "ஆமென்" என்றான். சபை முழுவதும் அதற்காகவே காத்திருந்த மாதிரி "ஆமென்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டது. பாடகர் குழு பாட ஆரம்பித்துவிட்டது. நான் ஒருவன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, கையை விரித்தபடி, ஜப்பானோடு நின்றுகொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. இடையில் இருப்பது ஒரு சீமைப்பலா மரம்தான், ஆனாலும் அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

போன மாதம் பெருமழை பெய்த ஒரு சாயங்காலம். ஊர் ஜெப நேரத்துக்கு இரண்டாம் மணி அடித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு மூன்றாம் மணிவரை ஒருவனும் வீட்டைவிட்டு வெளியே கால் வைக்கக்கூடாது என்பது நம் அப்பா காலத்துச் சட்டம், அதை மீறுகிறவனை ஊர்க்கூட்டத்தில் சொல்வது என் பொறுப்பு. நான் வீட்டின் முன்தூண் அருகே உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தேன். ரூத்தா வழக்கம்போல எனக்குப் பின்னால், பின்தூண் அருகே. அப்படித்தான் நினைத்தேன். ஆப்பிரிக்காவுக்கு வந்தபோது ஒரு கொசு என் இமைமேல் உட்கார்ந்து கடித்தது. ஒரு கண்ணை, ஒரே ஒரு கண்ணை, கொஞ்சமாகத் திறந்தேன். சீமைப்பலா மரத்தடியில் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு போய்க்கொண்டிருந்தது. ஊரிலேயே ஒரே ஒரு மஞ்சள் மழைக்கோட்டுதான் இருக்கிறது. அது மரேக்கோவின் மகன் அங்கே ஆப்பிள் தோட்டத்தில் வேலை செய்து அனுப்பியது. அக்கா, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிடம் என் மனதில் வந்தது ஊர்ச்சட்டம் அல்ல. மாட்டிக்கொண்டாயா மகனே என்றுதான் வந்தது.

மறுநாள் ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னேன். துக்கத்தோடு சொல்வதுபோலச் சொன்னேன். தலைவர்கள் மரேக்கோவைக் கேட்டார்கள். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்டம் ஒரு பெரிய பன்றி. அவனிடம் இருந்த ஒரே பெரிய பன்றி, ஏழு குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய்ப்பன்றி. அதை இழுத்துக்கொண்டு போனார்கள். நானும் அதில் ஒரு துண்டு சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன், நீங்கள் அங்கே சபையில் எல்லாரிடமும் சொன்னீர்கள். அது எனக்கு அப்போது சந்தோஷமாகவும் இருந்தது.

இப்போது போன திங்கட்கிழமைக்கு வருகிறேன். சாயங்கால ஜெபத்தில், "ஆண்டவரே, சட்டத்தை மீறின மரேக்கோவின் கடினமான இருதயத்தை உடைத்தருளும்" என்று ஆரம்பித்தேன். மூன்று வாரமாக அந்த வரியைச் சேர்த்திருந்தேன். பின்னாலிருந்து ரூத்தா பட்டென்று "ஆமென்" என்றாள். திரும்பிப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

"அன்னைக்கு வெளிய போனது நான்," என்றாள். "அந்த மஞ்சக் கோட்டுக்குள்ள இருந்தது நான்தான். போதுமா? இப்ப என் இருதயத்த உடைக்கச் சொல்லுங்க."

"நீயா? நீ எனக்குப் பின்னால இல்ல உக்காந்திருந்த?"

"மூணு மாசமா நான் உங்களுக்குப் பின்னால இல்ல. தொலோத்தியா கோயில் படியில விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு கெடக்கா. அந்த மனுஷனுக்கு டப்பாவத் தெறக்கத் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது. அவளக் குளிப்பாட்டணும், சோறு குடுக்கணும். நீங்க நோயாளிகளுக்காக ஜெபம் ஆரம்பிக்கும்போது போவேன், தீவுகளுக்கு வரும்போது திரும்பிடுவேன். அன்னைக்கு மழைன்னு அவரு கோட்டக் குடுத்தாரு. ஒரு நாளாவது கண்ணத் தெறந்து பாத்தீங்களா?"

"பாத்தேனே, அதுதானே வம்பாப் போச்சு."

"முன்னால பாத்தீங்க. பின்னால பாக்கல."

தொலோத்தியா மரேக்கோவின் மனைவி. அவளுக்காக நான் மூன்று மாதமாகத் தினமும் "படுக்கையில் இருக்கிற எல்லாரையும்" என்று மொத்தமாக ஜெபித்தேன். ரூத்தா போய்க் குளிப்பாட்டியிருக்கிறாள். மரேக்கோ வாய் திறந்திருந்தால் ஊர்க்கூட்டத்தில் ரூத்தாவின் பெயர் வந்திருக்கும். அதற்காகத்தான் அவன் பேசாமல் பன்றியைக் கொடுத்திருக்கிறான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த ராத்திரி நான் ஜெபிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை போதகரிடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லி, "ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது, நீங்களே அவனிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்" என்றேன். போதகருக்கு உங்கள் மூத்த பிள்ளை வயதுகூட இல்லை, உங்களுக்கே தெரியும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, ஞாயித்துக்கிழமை திருவிருந்து. அவரோட ஒப்புரவாகாம நீங்க பாத்திரத்தத் தொட வேண்டாம்" என்றார்.

"தம்பி, இருபத்திரெண்டு வருஷமா அந்தப் பாத்திரம் என் கையிலதான் இருக்கு."

"பாத்திரம் தேயல ஐயா. நீங்க போயிட்டு வாங்க."

"அவன்கூட எனக்குப் பேச்சே இல்லயே, எப்படி மன்னிப்புக் கேக்குறது?"

"அதுக்குத்தான நம்ம முன்னோர் பாய வச்சிருக்காங்க. உள்ள உக்காந்தாப் போதும், பேச வேண்டாம். அவரு வந்து பாயத் தூக்கினா மன்னிச்சிட்டாருன்னு அர்த்தம். நீங்க பேசாம இருக்குறது எல்லாருக்கும் நல்லதுதான்."

இந்தக் காலத்துப் போதகர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள்.

இனி உங்கள் பாயைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள். இப்படி ஒரு காரியத்துக்கு வீட்டிலேயே நல்ல பாயைத்தான் போர்த்த வேண்டும், தூங்கும் பாயைப் போர்த்திக்கொண்டு போனால் அது இன்னொரு அவமானம். எங்களிடம் இருந்த நல்ல பாய், நீங்கள் உங்கள் மகள் கல்யாணத்துக்கென்று இரண்டு வருடம் நெய்து, சிவப்பு இறகு வைத்து, ரூத்தாவின் பெட்டியில் கொடுத்து வைத்திருந்தது மட்டும்தான். ரூத்தா வேண்டாம் என்று சொன்னாள், நான் மறைக்கவில்லை. கூட வந்து உட்காரச் சொன்னதற்கும், "நான் எதுக்கு உக்காரணும்? எனக்கும் அவங்களுக்கும் ஒரு சண்டையும் இல்லயே" என்றாள். ஆகவே தனியாகப் போனேன்.

விடிகிற நேரம் ஐந்து மணிக்கு அவன் முற்றத்தில் உட்கார்ந்து பாயை மூடிக்கொண்டேன். முதலில் நாய் வந்தது. இரண்டு வருடமாக என்னைப் பார்த்தால் குரைக்கிற நாய், அன்று பாய்க்குள் தலையை விட்டு என் கால் விரலை நக்கியது. பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து சுற்றி நின்று, உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டார்கள். ஆறரை மணிப் பேருந்து வந்தது. ஓட்டுநர் பாட்டை நிறுத்தி, வண்டியையும் நிறுத்தி, "எத்தன பேரக் கொன்னானாம்?" என்று கேட்டான். ஒரு பெண் குரல், "ஒண்ணுக்கு இவ்வளவு நல்ல பாய் போட மாட்டாங்க" என்றது. அந்தப் பேருந்து நேராகத் துறைமுகத்துக்குப் போனது, அங்கிருந்து கப்பலில் செய்தி போனது. உங்களுக்கு எப்படி எட்டியது என்று இப்போது புரிந்திருக்கும்.

உள்ளே அவர்கள் பேசுவது முழுவதும் எனக்குக் கேட்டது.

"மரேக்கோ, வெளிய ஒரு பாய் உக்காந்திருக்கு," என்றாள் தொலோத்தியா.

"பாத்தேன்."

"யாரு?"

"கட்ட விரலு கோணலா இருக்கு. பெனிதான்."

"ஐயோ, போய்ப் பாயத் தூக்குங்க. முட்டிவலிக்காரரு."

"கொக்கோ குடிச்சிட்டு."

குடித்தான். இரண்டு கோப்பை குடித்தான், உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு முற்றத்தில் காலடி கேட்டது. வருகிறான் என்று தலையைக் குனிந்தேன். வந்தது புல்வெட்டும் இயந்திரம். முற்றம் முழுவதும் வெட்டினான். கடைசியாக என்னைச் சுற்றி வட்டமாக, விளிம்பு விடாமல், மெதுவாக வெட்டினான். வெட்டிய புல் எல்லாம் உங்கள் பாய்மேல்தான் விழுந்தது. அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே போனதும், தாயில்லாத அந்த ஏழு பன்றிக்குட்டிகளும் பசியோடு வந்து பாயின் ஓரத்தைச் சப்ப ஆரம்பித்தன. நான் உள்ளிருந்து "ச்சூ, ச்சூ" என்றேன். பாய்க்குள் இருக்கிறவன் பேசக்கூடாது என்பதால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. அவற்றின் தாயை நான் சாப்பிட்டிருக்கிறேன் என்பதால் விரட்டவும் மனம் வரவில்லை. ஒரு பக்கத்துச் சிவப்பு இறகுகள் முழுவதும் போய்விட்டன. ஒரு முழத்துக்குக் குஞ்சமும் போய்விட்டது. என்னை மன்னியுங்கள் அக்கா.

ஒன்பது மணிக்கு அவன் காலை ஜெபத்தை ஆரம்பித்தான். அவன் எப்போதும் இரண்டே வரியில் முடிக்கிறவன். அன்று நோயாளிகள், விதவைகள், அரசாங்கம், கடலில் இருப்பவர்கள் என்று வரிசையாகப் போனான். தேசங்களுக்கு வந்தான். என் தேசங்கள், அதே வரிசையில். கேலி செய்கிறான் என்று முதலில் பல்லைக் கடித்தேன். எங்கே நிறுத்துவான் என்று பார்த்தேன், அவன் நிறுத்தவில்லை. ஜப்பானைத் தாண்டினான். நான் எப்போதும் மறந்துவிடுகிற துவாலுவையும் சேர்த்தான். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, ஒருவன் என் ஜெபத்தை இப்படி வரி தவறாமல் சொல்ல வேண்டுமானால், பேசாமல் இருந்த இந்த இரண்டு வருடமும் மரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தினமும் கேட்டிருக்க வேண்டும். நான் பாய்க்குள் அழுதேன் அக்கா. அம்மா செத்தபோது அழுததற்குப் பிறகு இப்போதுதான்.

பத்து மணிக்கு வந்து பாயைத் தூக்கினான். வெளிச்சத்தில் கண் கூசியது. நான் ராத்திரி முழுவதும் தயாரித்த பேச்சை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன்.

"பேசாத பெனி," என்றான். "நீ ஆரம்பிச்சா மத்தியானம் ஆயிடும். எந்திரி."

"எந்திரிக்க முடியலடா, கால் மரத்துப் போச்சு."

"ரெண்டு வருஷம் வீம்புல உக்காந்திருந்தியே, அப்ப மரத்துப் போகலயா?" என்று சொல்லி, அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். உள்ளே கூட்டிப்போய்த் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்ட சேப்பங்கிழங்கு இலை கொடுத்தான். அது ரூத்தா முந்தின நாள் கொண்டுபோனது, எனக்கு வைக்காமல்.

வழக்கப்படி பாய் இப்போது அவனுக்குச் சொந்தம். நான் பதிலுக்கு உங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனால் ஒரு பெரிய உதவி கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் சபையில் எழுந்து நின்று, மரேக்கோ ஜெப நேரத்தில் வெளியே போகவில்லை, அவன் குற்றமற்றவன், என் தம்பிதான் கண்ணைத் திறந்து தவறாகப் பார்த்தான் என்று எல்லார் முன்னும் அறிவியுங்கள். என்னைப் பற்றி எவ்வளவு மோசமாக வேண்டுமானாலும் சொல்லுங்கள். இனி யாரையும் ஊர்க்கூட்டத்தில் சொல்லமாட்டேன், ஜெபத்தில் கண் திறக்கமாட்டேன், தேசங்களையும் பத்துக்குள் நிறுத்திக்கொள்வேன். இன்று சாயங்காலம் மரேக்கோவைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன், இந்தக் கடிதத்தை அவனுக்கே வாசித்துக் காட்டிவிட்டு, நாளை கப்பலுக்குப் போகிறவர்களிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அத்தானுக்கு என் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும், முக்கியமாக இந்தக் கடிதத்தைப் படித்தபின் உங்கள் இரத்த அழுத்தத்தையும் காப்பாராக. கீழ்ப்படிதலுள்ள தம்பி,

பெனியமினா

பி.கு. சனிக்கிழமை காலை. சபையில் ஒன்றும் அறிவிக்க வேண்டாம். நேற்று இதை வாசித்தபோது மரேக்கோ "குற்றமற்றவன்" என்ற இடத்தில் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டான். வயிறு சரியில்லை என்று எழுந்து போய்விட்டான். இன்று ஐந்து மணிக்கு ரூத்தா என்னை எழுப்பி முற்றத்தைக் காட்டினாள். உங்கள் பாய் உட்கார்ந்திருந்தது. ரூத்தா குனிந்து, "என்னண்ணே இது?" என்று கேட்டாள். பாய்க்குள் பேசக்கூடாது என்பதையும் பார்க்காமல் உள்ளிருந்து அவன் குரல் வந்தது: "அன்னைக்குக் கோட்டுப் போட்டுக்கிட்டு மரத்தடியில போனது நான்தான் ரூத்தா. நீ கோட்ட வாங்கிட்டுப் போனது அதுக்கப்புறம், அதுவும் பின்பக்க வாழைத்தோப்பு வழியா. அவன் பாத்தது என்னத்தான்." எதற்குப் போனான் என்று ரூத்தா கேட்டாள். "இவனுக்கு முட்டி போனதுலேர்ந்து கடலுக்கு வர்றதில்ல. உங்க சமையக்கட்டுல வாரம் ரெண்டு நாள் மீன் தொங்குதே, ஜெப நேரத்துல இவன் கண்ண மூடியிருக்கும்போது யாரு மாட்டுறான்னு நெனச்சீங்க?" என்றான். ரூத்தா நான் வாங்கியது என்று நினைத்திருக்கிறாள். நான் ரூத்தா வாங்கியது என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.

ஆக, நான் ஊர்க்கூட்டத்தில் சொன்னது சரி. பன்றி போனதும் சட்டப்படி சரி. எல்லாம் தெரிந்தேதான் இவன் என்னை ஐந்து மணி நேரம் உட்கார வைத்து, என்னைச் சுற்றிப் புல் வெட்டியிருக்கிறான். அக்கா, எங்கள் வீட்டிலும் ஒரு புல்வெட்டும் இயந்திரம் இருக்கிறது. பெட்ரோலும் நிரம்ப இருக்கிறது. பத்து மணிக்கு முன்னால் பாயைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து, கொக்கோவை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது மணி ஐந்தே கால். பேனாவை வைத்துவிட்டுப் பாயைத் தூக்கப் போகிறேன். புல் ஈரமாக இருக்கிறது, அவனுக்கும் என்னைப் போல அறுபத்து மூன்று வயது.